பாடுகிறவர் மேல் சாமி வருவதில்லை

ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் மேசை ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நண்பர்கள் ஐந்து பேர் கூடி அதை ஆடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கதையை நடத்திச் செல்லும் டன்ஜன் மாஸ்டர் பொறுப்பு என்னுடையது. சென்ற ஆண்டு என் அத்தை மகன் புதிதாக வந்து சேர்ந்தான். வீரன், மந்திரவாதி, திருடன் என்று வரிசையாக இருந்த பாத்திர வகுப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, பார்ட் எனப்படும் பாணர் வகுப்பை எடுத்துக்கொண்டான். விதிப் புத்தகத்தை ஒரு வாரம் வைத்துப் படித்துவிட்டு வந்தவன், வந்ததும் வராததுமாக ஒரு குறையைச் சொன்னான்.

"அத்தான், நான் பாடினா எனக்கு ஒண்ணும் கெடையாதாம்லா? எல்லாம் அடுத்தவனுக்குத்தானா?"

அவன் கேட்டது பார்டிக் இன்ஸ்பிரேஷன் என்ற ஆற்றலைப் பற்றி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பாணர் தம்மைத் தவிர வேறொருவரைத் தேர்ந்து அவருக்கு ஒரு 6 பக்கப் பகடையைக் கொடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுக்கப்படுபவர் 60 அடித் தொலைவுக்குள் இருக்க வேண்டும். பாணரின் குரல் அவர் காதில் விழ வேண்டும். பெற்றவர் அடுத்த 10 நிமிடத்துக்குள் தமக்கு நெருக்கடி வரும்போது தம்முடைய 20 பக்கப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைப் பார்த்த பிறகும்கூட, போதாது என்று தோன்றினால் பாணர் கொடுத்த பகடையையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். பாணரின் தேர்ச்சி கூடக் கூட அந்தப் பகடை 8 பக்கமாகவும், 10 பக்கமாகவும், 15-ஆம் லெவலில் 12 பக்கமாகவும் வளரும். எவ்வளவு வளர்ந்தாலும், அடிப்படை விதிப்படி பாணர் அதைத் தமக்கென்று உருட்ட முடியாது.

அவன் குறையாகக் கண்ட அந்த விதியே இந்த ஆட்டத்தில் இசையைப் பற்றி எழுதப்பட்ட விதிகளில் மிகச் சரியானது என்று நான் நம்புகிறேன். அதை எழுதியவர்கள் திருநெல்வேலிப் பக்கம் வந்து ஒரு கோயில் கொடைத் திருவிழா பார்த்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும், எங்கள் ஊர்க் கோயிலில் நடுச்சாமத்தில் நான் கண்ட ஒன்றை அவர்கள் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் பிறந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தாமிரபரணிக் கால்வாய் ஒன்றின் கரையில் இருக்கிறது. ஊர் எல்லையில் சுடலைமாடன் கோயில். சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமையில் கொடை. முந்தின நாள் இரவு, சாமியை அழைக்கும் குடியழைப்புச் சடங்கோடு வில்லுப்பாட்டு தொடங்கிவிடும். நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, சாமக்கொடைக்குத் தூங்காமல் விழித்திருந்து, வில்லுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்திருந்தேன். வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவி நடுவில் அமர்ந்து, இரண்டு கைகளிலும் வீசுகோல் பிடித்து, நாணில் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார். அடி விழும்போதெல்லாம் வில்லின் முதுகில் கட்டிய மணிகள் ஒரே குரலில் குலுங்கும். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் குடத்தை வைத்துக்கொண்டு அதன் வாயில் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உடுக்கும் தாளமும் கட்டையுமாக இருந்தார்கள். எங்கள் பெரியப்பாதான் அந்தக் கோயிலில் சாமியாடும் கோமரத்தாடி. குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு சன்னிதிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார்.

சாமி வரவில்லை. வழக்கமாக வரும் கட்டம் கடந்துவிட்டது. நையாண்டி மேளக்காரர்கள் தவிலின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தார்கள். கூட்டத்தில் இருமல்களும் முணுமுணுப்புகளும் எழத் தொடங்கின. அப்போது அண்ணாவி செய்ததை நான் இன்று வரை மறக்கவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. குடத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். உடுக்கு ஒன்று மட்டும் ஒலிக்க, கதையின் தொடக்கத்துக்கே திரும்பினார். கைலாயத்தில் தூண்டா மணிவிளக்கின் சுடர் தெறித்துப் பார்வதியின் முந்தானையில் விழுந்து மாடன் பிறந்ததை நான்கே வரிகளில் பாடினார். பிறகு, கைலாயத்தை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்தார். எந்த வழியாக மாடன் மலையிறங்கினான், எந்த மடையில் கால் நனைத்தான், எங்கள் குடும்பத்தில் எந்தப் பாட்டனின் கனவில் வந்து நிலையம் கேட்டான் என்று, ஊர்ப் பெயரும் வயல் பெயரும் ஆள் பெயருமாக அடுக்கிக்கொண்டே வந்தார். அந்தப் பாட்டனின் பெயர் பாட்டில் வந்தபோது நான் பெரியப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கால் பெருவிரல் மண்ணை ஒரு முறை கீறியது. அதற்குப் பிறகு கணுக்கால், முழங்கால், தோள். பெண்கள் குலவையிட்டார்கள், மேளம் சேர்ந்துகொண்டது, பெரியப்பா இருந்த இடத்தில் மாடன் நின்றார்.

விடியற்காலையில் அண்ணாவி தேர்முட்டிப் பக்கம் உட்கார்ந்து சுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். சாமியை எப்படி வரவழைத்தீர்கள் என்று சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டேன். "நான் கூப்பிட மட்டுந்தான்டே செய்யுதேன். ஏறுத ஆளு வேற," என்றார்.

பாடுகிறவர் மேல் சாமி வருவதில்லை. வந்தால் பாட்டு நின்றுவிடும். இந்த இசை மந்திரத்துக்கு மூன்று பேர் தேவை. அழைக்கப்படுபவர் ஒருவர், ஏற்றுக்கொள்பவர் ஒருவர், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவரின் கதையையும் அறிந்து, தாம் எதுவாகவும் மாறாமல் பாடிக்கொண்டே இருப்பவர் ஒருவர். குரல் இனிமையும் தாளத் திறமையும் வேண்டியவைதான். ஆனால், அன்றைக்கு வேலை செய்தது அண்ணாவியின் நினைவு. அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கொடைக்கு முன்பே வந்து, ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, வயலின் பெயரையும் பாட்டனின் பெயரையும் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இனி ஆட்டத்தின் பாணருக்கு வருகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தபோது அதில் பாணர் இல்லை. 1976-இல் தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ இதழில் டக் ஷ்வெக்மேன் என்பவர் அந்த வகுப்பை எழுதினார். வடபுலத்து ஸ்கால்ட், கெல்ட்டியரின் பார்ட், தென் ஐரோப்பிய மின்ஸ்ட்ரல் ஆகிய மூவரையும் கலந்து உருவாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1978-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பாணர் ஒரு பின்னிணைப்பில் இருந்தார். அன்றைய விதிப்படி யாரும் நேரடியாகப் பாணராகத் தொடங்க முடியாது. முதலில் வீரனாகச் சில லெவல்கள், பிறகு திருடனாகச் சில லெவல்கள், அதன் பிறகு ட்ரூயிட் எனப்படும் கெல்ட்டியப் பூசாரியிடம் மாணவராகச் சேர்ந்தால்தான் பாணர் ஆகலாம். பலரும் அதை வீண் சிக்கல் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் மதிப்பு உண்டு. வாழ்ந்து பார்த்தவரே பாட வேண்டும் என்ற எண்ணம் அந்த விதிக்குள் இருந்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு பாணரைத் திருடனோடு ஒரே குழுவில் சேர்த்து எளிதாக்கியது; 2000-இல் மூன்றாம் பதிப்பு பாட்டுக்கென்று தனி ஆற்றல்களைக் கொடுத்தது; ஐந்தாம் பதிப்பில் அவர் மந்திரவாதிக்கு நிகராக ஒன்பதாம் படி மந்திரம் வரை எட்டிவிட்டார்.

ஆற்றல் ஏறிய அளவுக்கு மரியாதை ஏறவில்லை. பல மேசைகளில் பாணர் என்றால் கோமாளி என்றே ஆகிவிட்டது. கண்ணில் படும் பெண்களிடமெல்லாம் வழிகிறவர், போர் நடக்கும்போது ஓரமாக நின்று தந்தி மீட்டுகிறவர் என்ற சித்திரத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மகுடம் என்ற தோற்கருவியை ஓலைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்த்து, உச்சம், மந்தம் என்ற அதன் இரு வகையும் சேர்ந்து முழங்க, சாமிக்காகத் தம் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கணியான் கூத்துக் கலைஞர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சித்திரம் வலிக்கிறது. அந்தக் கலைஞர்களும் நம் நாட்டில் பல காலம் உரிய மரியாதையைப் பெறவில்லை என்பதால் இரட்டிப்பாக வலிக்கிறது.

இசை மந்திரத்தைக் கற்பனை என்று நினைத்துக்கொண்டு இந்த ஆட்டத்துக்கு வரும் தமிழர்களுக்கு நான் முதலில் காட்டுவது புறநானூற்றின் 281-ஆம் பாட்டை. அரிசில் கிழார் பாடியது. போரில் விழுப்புண் பட்டவன் வீட்டுக்குள் கிடக்கிறான். வீட்டில் இரவத் தழையும் வேம்பும் செருகுகிறார்கள், யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணியடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பி, "காப்போம் வாருங்கள்" என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். புண்பட்டவனைப் பேய் நெருங்காமல் காப்பதற்காக அத்தனையும். இதை முதன்முதலில் இந்த ஆட்டத்தை மனத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 2014 விதிகளில் பாணருக்கு சாங் ஆஃப் ரெஸ்ட் என்று ஓர் ஆற்றல் உண்டு. போருக்குப் பின் சற்றே இளைப்பாறும்போது பாணர் பாடினால், கேட்டபடி காயம் ஆற்றிக்கொள்பவர்கள் கூடுதலாக ஒரு பகடை அளவு உயிர் பெறுவார்கள். 2024-இல் திருத்தி வெளியிட்ட விதிகளில் அதை எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தில் அதனால் கிடைத்த பயன் சிறிதுதான், உண்மை. ஆனாலும் பாணர் செய்யக்கூடியவற்றில் மிகத் தொன்மையான ஒன்று அது. எங்கள் மேசையில் அதை நாங்கள் நீக்கவில்லை.

அகநானூற்றின் 102-ஆம் பாட்டில் கொடிச்சி எனப்படும் மலைநிலப் பெண் ஒருத்தி கூந்தலைக் கோதியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை கதிரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே தூங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் பாலை யாழின் இசையைக் கேட்டு வழிப்பறிக் கள்வர்கள் தங்கள் படைக்கருவிகளை நழுவ விடுகிறார்கள். மனத்தை மயக்கும் மந்திரம், தூங்க வைக்கும் மந்திரம் என்று விதிப் புத்தகத்தில் பாணருக்குக் கொடுத்திருப்பவை அத்தனையும் இங்கே இருக்கின்றன. அங்கே இல்லாத ஒன்றும் இங்கே இருக்கிறது. மலைச்சாரல் தினைப்புனத்தில் குறிஞ்சிப்பண், கள்வர் திரியும் வறண்ட வழியில் பாலை, புண்பட்டவன் வீட்டில் காஞ்சி என்று, இடத்துக்கும் வேளைக்கும் ஏற்றதைப் பாடினால்தான் அது வேலை செய்கிறது. ஆட்டத்தின் விதியோ பாணர் என்ன பாடுகிறார் என்று கேட்பதே இல்லை. பாதாளச் சுரங்கத்திலும் கடலின் நடுவிலும் எந்தப் பாட்டைப் பாடினாலும் அதே பகடைதான். விதியைப் பாராட்டும் எனக்கு அதன்மேல் இருக்கும் பெரிய மனக்குறை இது.

வசையைப் பற்றியும் ஒரு சொல். விஷஸ் மாக்கரி என்று பாணருக்கு ஒரு சிறு மந்திரம் உண்டு. எதிரியை இகழ்ந்து ஒரு சொல் சொன்னால் அவன் மனம் காயப்பட்டு, அடுத்த அடி தடுமாறும். பெரும்பாலான மேசைகளில் அது கேலிக்கான இடமாகிவிடுகிறது. அறம் பாடினால் ஆள் அழிவான் என்று நம்பிய மரபு நம்முடையது. பாட்டியல் நூல்கள் அமுத எழுத்து, நச்செழுத்து என்று பிரித்து, பாட்டின் முதலில் எது வரலாம், எது வரக் கூடாது என்றே வகுத்து வைத்திருக்கின்றன. காளமேகப் புலவர் பாடித் திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பெய்தது என்ற கதை எல்லோருக்கும் தெரிந்தது. அயர்லாந்திலும் புலவர் வசை பாடினால் அரசன் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். ஒரே ஒரு எழுத்தை இடம் மாற்றி வைப்பதற்கே அஞ்சிய ஊரில் பிறந்தவர்கள், வசை மந்திரத்தை அவ்வளவு எளிதாக வாயில் எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

கணினி ஆட்டங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1985-இல் வந்த தி பார்ட்ஸ் டேல் ஆட்டத்தில் பாணர் பாடிப் பாடித் தொண்டை வறண்டுவிட்டால் மதுக்கடைக்குப் போய்க் குடித்தால்தான் மறுபடி பாட முடியும். பாட்டு உடம்பிலிருந்து வருகிறது என்பதை மறக்காத ஆட்டம் அது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் பாணரின் ஆயுதம் வில். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை எங்கள் பக்கத்து ஆட்கள்தாம் புரிந்துகொள்வார்கள். வேட்டைக்குப் போன அரசன் களைப்பாறும்போது வில்லைக் கவிழ்த்து நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து வில்லுப்பாட்டு பிறந்தது என்று ஒரு வழக்குக் கதையே இங்கு உண்டு.

அத்தை மகனின் குறையைக் கேட்ட பிறகு எங்கள் மேசைக்கென்று ஒரு விதி சேர்த்தேன். பாணர் யாருக்குப் பகடை கொடுக்கிறாரோ, அவருடைய கதையிலிருந்து இரண்டு வரி சொல்ல வேண்டும். பாட வேண்டியதில்லை, சொன்னால் போதும். பொதுவான புகழ்ச்சி செல்லாது. "நீ வீரன், நீ வெல்வாய்" என்றால் பகடை கிடையாது. அந்த ஆளுக்கு நடந்த ஒன்று, அவருக்கே உரிய ஒன்று வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லவும் கூடாது. நாம் நிற்கும் இடத்தோடும் அந்தக் கதை பொருந்திவிட்டால் பகடை ஒரு படி பெரிதாகும். கேட்கக்கூடியவருக்கே கொடுக்க முடியும் என்ற விதியைத் தளர்த்தவில்லை. பாணதீர்த்தத்தை நினைத்துக்கொண்டு நான் அமைத்த ஓர் அருவியடியில், இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காமல், ஒரு மாலை முழுவதும் அவன் ஒருவருக்கும் உதவ முடியாமல் தவித்தான். அடுத்த வாரம் தன் பாணனின் பொருள் பட்டியலில் ஒரு கோத்து வெண்கல மணியை எழுதிக்கொண்டு வந்தான்.

தொடக்கத்தில் அவன் திணறினான். மற்றவர்களின் பாத்திரங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் கீழே போகாமல் ஒவ்வொருவரிடமாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். பள்ளி நாள் முதல் எனக்கு நண்பரான ஒருவர் இருக்கிறார். அவருடைய பாத்திரம் சுங்கச் சாவடிக் காவலன். எங்கள் முதல் ஆண்டில், பகைவர் வந்தபோது அந்தக் காவலன் பாலத்தை விட்டு ஓடிப்போனான். நாங்களே மறந்துவிட்ட அந்தச் செய்தியை அத்தை மகன் கேட்டுத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து, ஓர் ஆற்றங்கரையில் அவர்கள் முன்னால் இறந்த அரக்கன் ஒருவன் எழுந்து நின்றான். அவனைப் பார்த்தவர்கள் அச்சத்தை வெல்லப் பகடை உருட்ட வேண்டும். காவலனின் முறை வந்தது. அத்தை மகன் நோட்டைத் திறக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னான்: "பாலத்தை விட்டு ஓடுனவன் நீதான். ராத்திரியோட ராத்திரியா திரும்பி வந்து, செத்துக் கெடந்த ஒவ்வொருத்தரையும் தோள்ல தூக்கிக் கரை சேத்தவனும் நீதான். இதுவும் ஆத்தங்கரைதான்."

மேசையில் யாரும் பேசவில்லை. நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பகடையை உருட்டினார். கூட்டிப் பார்த்தால் 9. வேண்டியது 15. இடம் பொருந்தியதால் நான் கொடுத்த பெரிய பகடை 8 பக்கம். அதில் 2 விழுந்தது. தோற்றுப்போனார். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி அச்சம் கொண்டவர் தம்மை அச்சுறுத்துவதை நோக்கி ஓர் அடியும் எடுத்து வைக்க முடியாது. அவருடைய அடியும் தடுமாறும். ஆனால், பின்வாங்கியே தீர வேண்டும் என்று விதியில் இல்லை. "முன்னால போக முடியாதுல்லா? சரி, நான் இங்கயே நிக்கேன்," என்றார் நண்பர். அடுத்த மூன்று சுற்றுகளும் அந்தக் காவலன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவனைத் தாண்டி யாரும் வர முடியாது என்ற நம்பிக்கையோடு போரிட்டார்கள்.

அன்று இரவு கீழே இறங்கும்போது அத்தை மகன், பகடை சரியாக விழாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்ற பேச்சையும் அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.

இந்த மாதம் எங்கள் மேசைக்கு ஏழாவதாக ஓர் ஆள் வந்திருக்கிறார். தம் பாத்திரத்துக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை, எதுவும் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பாணனால் அவருக்கு இன்னும் ஒரு பகடைகூடக் கொடுக்க முடியவில்லை. அதனால் ஆட்டம் முடிந்த பிறகு அத்தை மகன் அவரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொள்கிறான். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது மேலிருந்து அவன் குரல் கேட்கிறது. தண்ணீர் குடித்த முதல் ஆறு எதுவென்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.